முள்ளுக்காட்டு வேலைக்கு எந்தக் கால்சட்டை?

போன ஆடியில் என் மானாவாரி நிலத்தில் சீமைக்கருவேல் வெட்ட இறங்கினேன். கைலியை மடித்துக் கட்டியிருந்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு முள் இறங்கி, உள்ளேயே முறிந்துபோச்சு. "முள்ளுதானே"ன்னு விட்டுட்டேன். நாலாம் நாள் கால் வீங்கி, கீறி எடுத்து, பத்து நாள் படுக்கை. அதற்குள் விதைப்பு ஈரம் காய்ந்துவிட்டது. பாதி நிலம் தரிசாகவே கிடந்தது.

படுத்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே நெருப்புப் பொறி பறக்கிற இடத்துக்குக் கனத்த காக்கி இல்லாமல் போனதே இல்லை. இரும்புக்கு உடுப்பு மாற்றினவன், முள்ளுக்கு ஏன் மாற்றவில்லை?

அமெரிக்காவில் புதர்க்காட்டில் காடை இனப் பறவைகளை வேட்டையாடுபவர்கள் இதற்கென்றே ஒரு கால்சட்டை போடுகிறார்கள். தொடையின் முன்பக்கமும் முழங்காலும் இரட்டைத் துணி. பின்பக்கம் ஒற்றைத் துணி. புதருக்குள் நடக்கும்போது முள் முன்னால்தானே உரசும்? பின்னால் காற்றுப் போனால் போதும். நமக்கு வேட்டை வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியை வேட்டையாடுவது குற்றம். அதோடு, கரையானையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கித் தின்னும் கவுதாரி நமக்குச் சம்பளம் கேட்காத வேலையாள். அதனால் ஓரத்துப் புதர் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுகிறேன். அந்த வேட்டைக்காரர்களின் தையல் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான் தைத்துப் போட்டுப் பார்த்ததில் கற்றுக்கொண்டவை இவை:

1. துணி: பருத்தி டிரில் நல்லது. நெசவில் சாய்ந்த வரி தெரியும். சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடை போதும். ஜீன்ஸ் இதைவிடக் கனம். உறுதியானது, ஆனால் திருச்சி வெயிலுக்குப் புழுங்கும், நனைந்தால் காயாது. பாலியஸ்டர் கலப்பு சீக்கிரம் கிழியாது. ஆனால் நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கருகும், ஒட்டாது. இது ஒர்க்‌ஷாப் கற்றுக்கொடுத்த பாடம்.

2. சோதனை: கடைக்குப் போகும்போது ஒரு கருவேல முள்ளைக் கொண்டுபோங்கள். துண்டுத் துணி கேட்டு வாங்கி, முள்ளைச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் வேண்டாம். நேராகக் குத்தினால் எந்தத் துணியிலும் முள் இறங்கும். துணி காப்பது பெரும்பாலும் உரசலிலிருந்துதான்.

3. தைக்கும் முன்: துணியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும்.

4. தையல்: ஓரங்களை மடித்து இரட்டைத் தையல். குந்தி உட்கார்ந்தால் முதலில் கிழிவது கவட்டுதான். அங்கே தனியாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

5. அளவு: தொளதொளப்பாக இருக்கட்டும். துணிக்கும் தோலுக்கும் இடைவெளி இருந்தால் முள் எட்டாது. கால் நுனியை வெளிப்பக்கம் மடிக்காதீர்கள். நாயுருவி விதையும் முள் துண்டும் அதில் சேரும்.

பாம்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஜீன்ஸ் துணி போர்த்திய மாதிரிக் கையைக் கிலுகிலுப்பைப் பாம்பு கொத்தியபோது, இறங்கிய நஞ்சு பாதிக்கும் குறைவாக இருந்தது. அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. பூட்ஸும் கைத்தடியும் வேண்டும். கடித்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

புதுப் பேன்ட்டு போட்டு வந்த அன்றைக்கு வீட்டுக்காரம்மா ஒன்று கேட்டாள்: "உங்களுக்குத் தைச்சாச்சு. வேலைக்கு வர்ற அக்காங்களுக்கு?" எனக்குப் பதில் இல்லை. அவர்கள் புடவைக்கு மேலே வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக் கையைக் காத்துக்கொள்கிறார்கள், காலுக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பத்து நாள் படுக்கை. அவர்களுக்கு அது பத்து நாள் கூலி.

பேன்ட்டு வேண்டாமென்று அவர்களே சொன்னார்கள். அதனால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றி நாடா கட்டும் உறை தைத்தோம். 58 அங்குல அகல டிரில் ஒரு மீட்டர் வாங்கினால், இரட்டை மடிப்பில் ஒரு சோடி வரும். மீதித் துணி என் பேன்ட்டுக்கு முழங்கால் ஒட்டாச்சு. முதல் நாள் நாடா அவிழ்ந்துகொண்டே இருந்தது. கெண்டைக்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு நாடா வைத்ததும் நின்றது. அந்த யோசனையும் ஓர் அக்கா சொன்னதுதான்.

முள் குத்தினால் அன்றைக்கே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி போட்டது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதை நேர்த்திக்கு யோசிக்கிற நாம், விதைக்கிற காலுக்கும் கொஞ்சம் யோசிப்போம்.