மாராமரோஷ்: ஆறு எல்லையான கதை

முன்னுரை

நிலத்தையும் மக்களையும் பிரித்துக் காணாத மரபு நம் தமிழ் மரபு. அந்நோக்கில், அயல்நாட்டு நிலப்பகுதி ஒன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். பழைய அங்கேரி அரசில் மாவட்டமாக இருந்து, 1920-இல் இரு நாடுகளுக்குப் பங்கிடப்பெற்ற மாராமரோஷ் என்பதே அப்பகுதி. உருமேனியர் இதனை மராமுரெஷ் என்பர்.

நிலமும் நீரும்

கார்பேத்திய மலைத்தொடரின் மடியில், ஏறத்தாழ 9,700 சதுர கி.மீ. பரப்பில் அமைந்திருந்தது இம்மாவட்டம். வடகிழக்கே கலீசியாவும் தெற்கே திரான்சில்வேனியாவும் இதன் அண்டைப் பகுதிகள். கருந்திசா, வெண்திசா என்னும் இரு மலையாறுகள் ராகோ நகருக்கருகே கூடித் திசா என்னும் பேராறாகின்றன. வடக்கிலிருந்து தெரெஸ்வா, தெரெப்லியா முதலிய ஆறுகளும், தெற்கிலிருந்து விஷோ, ஈசா ஆகியனவும் இதனோடு சேர்கின்றன. தலைநகராகிய சிகெத், ஈசாவும் திசாவும் நெருங்கும் இடத்தில் அமைந்தது. அங்கேரிய மொழியில் அச்சொல்லுக்குத் 'தீவு' என்பதே பொருள்.

பெருமலைகளும் அடர்காடுகளும் நிறைந்த இந்நிலத்தில் உழுதற்குரிய மண் குறைவு. உப்பும் மரமுமே இதன் செல்வங்கள். அக்னசுலாத்தினா, ரோனசேக், அக்னசுகதாக் ஆகிய ஊர்களில் நிலத்தடியிலிருந்து பாறையுப்பு வெட்டியெடுக்கப்பட்டது. வெட்டிய மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து, அவற்றின்மீது உப்பேற்றித் திசாவின் வழியே தென்பகுதிச் சமவெளிகளுக்கு அனுப்பினர். மலைமக்களுக்கும் சமவெளி மக்களுக்கும் திசாவே நெடுஞ்சாலையாக விளங்கியது.

வரலாறு

1199-ஆம் ஆண்டளவில் இப்பகுதி அங்கேரி மன்னரின் வேட்டைக்காடாகக் குறிக்கப்பெறுகிறது. பின்னர்க் குடியேற்றம் பெருகியது. 1329-இல் விஷ்க், ஹுஸ்த், தேச்சோ, ஹொஸ்ஸுமெசோ ஆகிய நான்கு ஊர்கள் அரசரிடம் நகர உரிமை பெற்றன; சிகெத் அவற்றிற்குப் பின் அவ்வுரிமை பெற்றது. இம்மண்ணின் உருமேனியத் தலைவருள் ஒருவரான பொக்தான், மன்னரோடு பிணங்கி மலைகடந்து சென்று, 1359-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மால்தாவிய அரசை நிலைநிறுத்தினார். சிறிய மலைநாடொன்று மற்றொரு நாட்டிற்குத் தொடக்கமானமை நோக்கத்தக்கது.

மக்களும் கணக்கெடுப்பும்

1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 3,58,000. தாய்மொழி அடிப்படையில் ருத்தேனியர் 1,59,000 பேரும், உருமேனியர் 84,500 பேரும், ஜெர்மானியர் 59,500 பேரும், அங்கேரியர் 53,000 பேரும் இருந்தனர். ஆட்சிமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏழில் ஒரு பங்கினரே என்பது இதனால் விளங்கும்.

இங்கு மொழி மாணாக்கராகிய நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜெர்மானியர் எனக் குறிக்கப்பெற்ற அனைவரும் ஜெர்மானியர்தாமா? காடு வெட்டும் தொழிலுக்காகக் குடியேறிய ஜெர்மானியர் சிலரே. அதே கணக்கெடுப்பின் சமயப் பட்டியலோ 65,000-க்கும் மேற்பட்ட யூதர்களைக் காட்டுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் பேசிய மொழி இத்திஷ். அம்மொழிக்குக் கணக்கேட்டில் தனியிடம் தரப்படவில்லை. ஆதலின் அதனைப் பேசியோர் பெரும்பாலும் ஜெர்மன் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மாவட்டத்தில் ஆறில் ஒருவருக்கும் மேலாக வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் மொழி, ஏட்டில் பெயரின்றிப் போயிற்று. எண்கள் பொய்யல்ல, எனினும் எவ்வினா கேட்கப்பட்டது என்பதை அறியாமல் எண்களை நம்புதல் தகாது.

பிரிவும் அழிவும்

முதல் உலகப்போரின் பின், 1920-இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கை இம்மாவட்டத்தைத் துண்டாக்கியது. திசாவின் வடபால் செக்கோஸ்லோவாக்கியாவிற்கும், தென்பால் உருமேனியாவிற்கும் உரியவாயின. பண்டு மக்களை இணைத்த ஆறு அன்று எல்லைக்கோடாயிற்று. 1939-இல் வடபகுதியையும் 1940-இல் தென்பகுதியையும் அங்கேரி மீண்டும் கைக்கொண்டது. 1945-இல் வடபகுதி சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்தது. 1991 முதல் அது உக்ரைன் நாட்டின் பகுதி. 1910-இல் ஹுஸ்தில் பிறந்து எண்பதாண்டுகளுக்குமேல் வாழ்ந்த ஒருவர், தம் ஊரைவிட்டு நீங்காமலே ஐந்து அரசுகளின் கொடிகளைக் கண்டிருப்பார்.

எல்லை மாற்றத்தினும் கொடியது 1944-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு இளவேனிலில் சிகெத் நகர யூதர்கள் தனிப்பகுதியில் அடைக்கப்பட்டு, மே மாதத்தில் அவுஷ்விட்சு முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பதினைந்து வயதுச் சிறுவராகிய எலீ வீசல். உயிர்பிழைத்த அவர் அக்கொடுமையை எழுத்தில் பதித்து, 1986-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். கணக்கேட்டில் மொழியை இழந்த அச்சமுதாயம், இப்போது தன் வாழ்விடத்தையே இழந்தது.

எஞ்சியவை

மரத்தால் எழுந்த உயர்கோபுரத் தேவாலயங்கள் இன்றும் இம்மண்ணின் கைவண்ணத்தைக் காட்டுகின்றன. தென்பகுதியிலுள்ள அத்தகைய சில ஆலயங்கள் 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. 1913-இல் இப்பகுதி உருமேனியச் சிற்றூர்களில் அங்கேரிய இசையறிஞர் பேலா பார்தோக் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1923-இல் நூலாயிற்று. சபிந்தா என்னும் ஊரின் இடுகாட்டில், வண்ணந்தீட்டிய மரச்சிலுவைகளில், இறந்தோர் வாழ்வு நகைச்சுவை கலந்த செய்யுளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஏட்டில் எண்ணாக மட்டும் நின்றிருக்கக்கூடிய எளிய மனிதர், அங்குத் தம் பெயரோடும் தொழிலோடும் நிற்கின்றனர்.

முடிவுரை

மாராமரோஷ் என்னும் மாவட்டம் இன்று இல்லை. அதன் ஆறும் மலையும் உள்ளன, பாடலும் உள்ளது. அரசுகள் வரையும் கோடுகள் மாறக்கூடியன. ஒரு மக்களின் மொழியைப் பெயர்சொல்லிக் குறிக்க மறுக்கும் ஏடோ அவர்தம் வரலாற்றையே மங்கச் செய்கிறது. ஆகவே, சிறுபான்மையாயினும் ஒவ்வொரு மொழியையும் அதன் பெயரால் அறிந்து மதித்தல் மொழி கற்போர் கடன் எனத் துணியலாம்.