இருவர் தறி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் காலைப் பொழுதிலே நடந்து சென்றால், சில வீடுகளிலிருந்து தறியொலி எழக் கேட்கலாம். அவ்வொலிக்கு ஒரு தாளம் உண்டு. கோர்வைச் சேலை நெய்யும் தறியாயின், அத்தாளம் இருவர் கைகளால் எழுவதாகும்.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைவது கோர்வைச் சேலை. இதனை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளருக்கு இருப்பவை இரண்டு கைகளே. ஆகவே, அருகில் துணையாள் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைக் கடத்துகிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளல் வேண்டும். ஒருவர் முந்தினும் பிந்தினும் இணைப்பிலே பழுது விழும்.

"இப்பொழுது கடத்து" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருத்தல் இயலுமோ? ஒரு சேலை முடிய 10 நாளும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். நெசவாளரின் தோளசைவைக் கொண்டே துணையாள் அவர் கருத்தை உணர்கிறார். துணையாளின் கை சோர்வதைக் கண்டால் நெசவாளரும் மிதிப்பதைச் சற்றே நிறுத்துகிறார். சினந்து பேசினால் என்ன நேரும்? வசை கேட்டவரின் கை விறைக்கும், விறைத்த கை இழையை இறுக்கி இழுக்கும், கரை சுருங்கும். சேலையை விரித்துப் பார்ப்பவர் அதனை எளிதிற் காண்பர்.

வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே மறைத்தல் ஆகாது. முன்னாளில் பல தறிகளில் துணையாளாக அமர்ந்தவர் சிறுவரே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டுத் தறியடிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். பிறர் பிள்ளைகளை 14 வயது நிரம்பும் முன் வேலைக்கு அமர்த்துதலை, 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் எல்லாத் தொழில்களிலும் தடைசெய்தது. அதட்டலுக்கு நடுங்கும் சிறுவனிடம் நல்ல கோர்வையை எதிர்பார்த்தவர், பிள்ளையின் நலத்தையும் அறியார்; தம் தொழிலின் நலத்தையும் அறியார்.

தன் உள்ளக் கிளர்ச்சியை உணர்ந்து ஆளுதலையும், பிறர் உள்ளத்தை அறிதலையும் ஒருவகை அறிவாகவே கொண்டு, அமெரிக்க உளநூலாராகிய பீட்டர் சலோவி, ஜான் மேயர் இருவரும் 1990இல் ஆய்ந்தெழுதினர். உணர்வறிவு என அதனை நாம் வழங்கலாம். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் உள்ளது அரசவையில் பழகுவாருக்கு உரியது. காமத்துப்பாலில் உள்ளது காதலருக்கு உரியது. கணவனும் மனைவியும் சேர்ந்தமரும் தறியில் இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும் போலும்!

முந்தியின் நிறம் மாறுமிடத்தில் பழைய பாவின் இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பர். அப்பொழுது தறியொலி நின்றுவிடும். இருவரும் மெல்லப் பேசிக்கொண்டே இழை கூட்டுவர்.