கவலைக்கு மாலை ஆறு மணி

மியூனிக்கில் டிசம்பர் மாதம் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இங்கே வந்து சேர்ந்த நம் ஆட்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், குளிருக்கு நல்ல கோட்டு இருக்கிறது. அந்த நீண்ட இருட்டில் மனசு ஓடும் ஓட்டத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் ஊரில் பன்னிரண்டரை. அம்மா மாத்திரை போட்டாரா என்று கேட்க முடியாது, வீடே தூங்கியிருக்கும். அந்த ஒரு கேள்வி போதும். அம்மாவின் சர்க்கரை, தங்கும் அனுமதி முடியும் தேதி, மேலாளர் அனுப்பிய ஒற்றை வரி மின்னஞ்சல் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துவரும். கண் திரையில் இருக்கும். படித்த பத்தியையே திரும்பப் படித்தாலும் ஒரு வரிகூட உள்ளே போகாது.

இப்படிப் பல குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. எனக்குக் கைகொடுத்த சிலவற்றை, இதே அவதியில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வேண்டாத எண்ணத்தை விரட்டப் பார்க்காதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒரு எண்ணம் வருகிறதா என்று மனசு காவல் காக்கத் தொடங்கிவிட்டால், அந்தக் காவலே அதை அழைத்துவந்துவிடுகிறது.

சில எண்ணங்கள் கவலையோடு நிற்பதில்லை, பயமுறுத்தவும் செய்யும். சென்ட்லிங்கர் டோர் சுரங்க ரயில் நிலையத்தில் வண்டி வரும் காற்று முகத்தில் அடிக்கும்போது, ‘பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால்?’ என்று எனக்குத் தோன்றும். கோபமும் இல்லை, விருப்பமும் இல்லை. எங்கிருந்தோ வந்து விழும். நான் கெட்டவனோ என்ற பயம்தான் அந்த எண்ணத்தைவிடப் பெரிய வேதனை. இதை யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் சுமப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மால் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனுடன் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட ஆய்வைத்தான். மனநலச் சிகிச்சை எதுவும் பெறாத சாதாரண மனிதர்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர், தங்களுக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணத்தின் உள்ளடக்கத்தில் நோயாளிக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு வதைக்கிறது, விட்டுவிட முடிகிறதா என்பதில்தான் வேறுபாடு.

அந்த ஆய்வைப் படித்த நாள் எனக்குப் பெரிய ஆறுதல். இப்போது அது வந்தால் ‘இது தள்ளிவிடும் எண்ணம்’ என்று மனசுக்குள் பெயர் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்பேன். பின்வாங்கிச் சுவரை ஒட்டி நின்றால், அது உண்மையிலேயே ஆபத்து என்று மனசுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஆனால் ஒன்று: செத்துவிட வேண்டும் என்ற விருப்பமோ திட்டமோ கூட இருந்தால் இந்த யோசனை பொருந்தாது. அப்போது தனியாகச் சமாளிக்க வேண்டாம். கடைசியில் எண்கள் தந்திருக்கிறேன்.

வீட்டைப் பற்றிய பயத்துக்கு அக்காதான் வழி சொன்னாள். “ராத்திரி எத்தனை மணியானாலும் ஒண்ணுன்னா நானே கூப்பிடுறேன் தம்பி. போன் வரலைன்னா அம்மா தூங்குறாங்கன்னு வச்சுக்கோ.” அவள் எண் மட்டும் இரவில் ஒலிக்கும்படி போனை வைத்திருக்கிறேன். ‘எல்லாம் சரிதானே?’ என்று அடிக்கடி கேட்பதும், நோயின் பெயரைக் கூகுளில் தேடுவதும் சிறிது நேரம்தான் நிம்மதி தரும். பிறகு கேள்வி இன்னும் பலமாகத் திரும்பி வரும். ஒரே ஒரு ஏற்பாடு செய்துவிட்டு அதை நம்பி இருப்பது எவ்வளவோ மேல்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது, கவலைக்கென்று நேரம் ஒதுக்கியதுதான். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் முன்வைத்த முறை இது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவது, மற்ற நேரத்தில் வந்தால் அப்போதைக்கு ஒத்திவைப்பது. என் நேரம் மாலை ஆறு மணி, இடம் சமையலறை மேசை. படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். பகலில் ஒரு எண்ணம் தலைதூக்கினால் சட்டைப்பையில் உள்ள சின்ன நோட்டில் நாலு வார்த்தை எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புவேன். ஆறு மணிக்கு நோட்டைத் திறந்தால் பாதி எண்ணங்கள் ஏற்கெனவே சப்பென்று போயிருக்கும். மீதியில், நம்மால் ஏதாவது செய்ய முடிகிறவற்றுக்கு அடுத்த அடியை மட்டும் எழுதுவேன். ‘அனுமதி என்ன ஆகுமோ’ என்பது ‘வியாழக்கிழமை சம்பளச் சீட்டுகளை ஸ்கேன் செய்வது’ என்று மாறும். முடிக்காத வேலைக்குத் தெளிவான திட்டம் எழுதிவிட்டாலே அது நடுவில் வந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். செய்வதற்கு எதுவும் இல்லாத கவலைகளும் உண்டு. அவற்றோடு அரை மணி உட்கார்ந்துவிட்டு, எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.

வேலையில் கவனம் நிற்க இடமும் முக்கியம். வார இறுதியில் ஏதாவது படிக்க வேண்டுமென்றால் லுட்விக் தெருவிலுள்ள பவேரிய அரசு நூலகத்துக்குப் போய்விடுவேன். கோட்டையும் பையையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனையும் அங்கேயே விட்டுவிடுவேன். சுற்றிலும் நூறு பேர் பேசாமல் படிக்கும்போது நம் மனசும் மெல்ல அடங்கும். இடைவேளையும் அவசியம். சென்ட்லிங்கர் டோருக்குப் பக்கத்தில், நுஸ்பாம் தெருவில் 1904-இல் திறந்த மனநல மருத்துவமனையின் முதல் தலைவர் எமில் கிரேப்பெலின், ஆட்களை உட்காரவைத்து ஓயாமல் ஒற்றை இலக்க எண்களைக் கூட்டச் சொல்லி, பயிற்சியும் சோர்வும் ஓய்வும் வேலையை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்தவர். கவனம் சிதறுவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும். அரை மணி வேலைக்குப் பிறகு எழுந்து நடங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஈசார் ஆற்றங்கரைக்குப் போய்வந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் எண்ணங்கள் நாளின் பெரும்பகுதியை விழுங்கினால், கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்றவற்றை நிறுத்த முடியாவிட்டால், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய், மனச்சோர்வு, கவனக்குறைபாடு மூன்றுமே வெளியே பார்க்கச் சில நேரம் ஒன்றுபோல் தோன்றலாம். சிகிச்சையோ வேறு வேறு. ஜெர்மனியில் உளச்சிகிச்சையாளரை முதல்முறை சந்திக்க வேறு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை, அரசு மருத்துவக் காப்பீடே செலவை ஏற்கும். 116117 என்ற எண்ணில் அந்த முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கித் தருவார்கள். தொடர் சிகிச்சைக்கு இடம் கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்பதால், முற்றும்வரை காத்திருக்காமல் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். நெருக்கடி என்றால் பவேரியாவில் 0800 655 3000. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ் 14416, அங்கே தமிழிலேயே பேசலாம். இந்த எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்; பக்கத்து அறையில் தூக்கமில்லாமல் இருக்கும் நண்பருக்கும் அனுப்பிவிடுங்கள்.