பாலாற்றுத் தண்ணியும் பல்கலைக்கழகப் படிப்பும்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் உள்ள நம் ஊர்களுக்குக் கல்லூரிகளில் இருந்து ஆய்வு செய்ய வருகிறார்கள். கிணத்துத் தண்ணியைப் பாட்டிலில் பிடிக்கிறார்கள், மண்ணை அள்ளுகிறார்கள், நம்மிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். "இதனால நமக்கு என்ன பிரயோஜனம்?" என்று நாம் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

ஒரு படிப்பு மட்டும் போதுமா?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். டேனரியில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணியோடு வெளியே வருகிறது. பிறகு சுண்ணாம்பு, குரோம் போன்றவை சேர்கின்றன. சுத்தம் செய்யாமல் விட்டால் இந்தக் கழிவுநீர் மண்ணுக்கும் கிணத்துக்கும் போகும்.

தண்ணியில் என்ன இருக்கிறது என்று வேதியியல் படித்தவர் சொல்வார். விளைச்சல் ஏன் குறைந்தது என்று வேளாண்மை படித்தவர் சொல்வார். உடம்புக்கு என்ன செய்யும் என்று மருத்துவர் சொல்வார். நஷ்டம் எவ்வளவு என்று பொருளாதாரம் படித்தவர் கணக்குப் போடுவார். யார் பொறுப்பு என்று வழக்கறிஞர் வாதாடுவார். ஐந்து பேரும் தனித்தனியே பேசினால் நம் பிரச்சினை ஐந்து துண்டாகத்தான் தெரியும். சேர்ந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

ஆய்வு நீதிமன்றத்தில் பேசியது

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அங்கே முன்வைக்கப்பட்டது. டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 86 ஆயிரம் ஏக்கர் விளைநிலம், பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று அது சொன்னது. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தது.

1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். இழப்பீட்டை முடிவு செய்ய ஒரு ஆணையமும் அமைந்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இழப்பீட்டைக் கொடு, கெட்டதைச் சரிசெய்யும்வரை பொறுப்பு தீராது என்று உத்தரவிட்டது.

வேலையும் வேண்டும், தண்ணியும் வேண்டும்

நம் வீட்டுப் பெண்கள் பலர் ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் குடும்பம் நடத்துகிறார்கள். தொழிலும் நிற்கக் கூடாது, கிணறும் கெடக் கூடாது. இதைப் பேச 2002ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் பாலாற்றுப் பகுதி விவசாயிகளும் டேனரிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பல்கலைக்கழகப் படிப்பு இப்படி எதிரெதிராக நிற்பவர்களையும் பேச வைக்கும்.

1948ல் தொடங்கிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையைக் கண்டுபிடித்துள்ளது. கழிவைப் பிறகு சுத்தம் செய்வதைவிட முதலிலேயே குறைப்பது மேல் அல்லவா!

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. தண்ணியைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் குரோமும் போகாது. காய்ச்சிவிட்டோம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

2. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு.

3. பரிசோதனைக்குத் தண்ணி எடுக்கும்போது மோட்டாரைச் சில நிமிடம் ஓட விடவும். சுத்தமான பாட்டிலை அதே தண்ணியால் மூன்று முறை அலசிப் பிடிக்கவும். கிணத்தின் பெயர், தேதி எழுதி ஒட்டவும்.

4. மண் என்றால் நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்து, கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

5. ஆய்வு செய்ய வருகிறவரை வரவேற்போம். கூடவே, "முடிவு வந்ததும் எங்க குழுக் கூட்டத்தில தமிழ்ல வந்து சொல்லணும்" என்று கேட்போம். தண்ணி எந்த வருஷம் கரித்தது, பருப்பு எப்போதிலிருந்து வேகவில்லை, எந்தக் கிணத்தில் சோப்பு நுரைக்கவில்லை என்பது தினமும் தண்ணி சுமக்கும் நமக்குத்தான் தெரியும். இதுவும் ஆய்வுக்கு வேண்டிய அறிவுதான். அதைக் கொடுக்கும் நமக்கு முடிவைக் கேட்கும் உரிமை உண்டு.

குழுவில் பேச:

* நம் ஊரில் குடிக்க உதவும் கிணறு எத்தனை, கைவிட்ட கிணறு எத்தனை? நோட்டில் எழுதுவோம்.
* இதுவரை வந்த ஆய்வுகளின் முடிவு நமக்குச் சொல்லப்பட்டதா?
* இந்த விவரங்களை அடுத்த கிராம சபையில் யார் எடுத்துப் பேசுவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.