பின் இருக்கையில் உறங்கும் குழந்தை

அமெரிக்க நாட்டில் 1998 முதல் ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 37 குழந்தைகள், நிறுத்தி வைக்கப்பட்ட காருக்குள் வெப்பம் தாக்கி இறந்துள்ளனர். 2018, 2019 ஆகிய ஈராண்டுகளிலும் இத்தொகை ஐம்பதைக் கடந்தது. இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெற்றோராலோ உடன் இருந்தோராலோ மறந்து விடப்பட்டவர்கள். இதனைப் படித்தவுடன், பெற்ற பிள்ளையை மறப்பாரும் உளரோ என்று வியக்கிறோம். அவ்வியப்பே இடருக்கு வழி வகுக்கிறது. "நமக்கு இது நேராது" என உறுதியாக இருப்பவர் முன்னேற்பாடு எதனையும் செய்வதில்லை அன்றோ?

தென் புளோரிடாப் பல்கலைக்கழக அறிஞர் டேவிட் டயமண்ட் இம்மறதியைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அன்பின் குறைவால் இது நேர்வதில்லை என்பது அவர் காட்டும் உண்மை. நம் மூளையில் பழக்கத்தின் நினைவு ஒன்று உண்டு. நாள்தோறும் செல்லும் வழியில், நாம் எண்ணாமலேயே கையையும் காலையும் அது செலுத்தும். "இன்று இதனைச் செய்ய வேண்டும்" எனக் குறித்து வைக்கும் நினைவு வேறு. இவ்விரண்டும் முரணும்போது பெரும்பாலும் பழக்கமே வெல்கிறது. வழக்கமாகத் தாய் குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறார். ஒருநாள் மட்டும் அப்பொறுப்பு தந்தையிடம் வருகிறது எனக் கொள்வோம். குழந்தை உறங்கிவிடுகிறது. காப்பகத்திற்குத் திரும்ப வேண்டிய முனையைக் கடந்து, கார் நேரே அலுவலகம் சேர்கிறது. இதனினும் கொடியது, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டதாகவே மனம் நம்பிவிடுவது! ஆதலால் மாலை வரை அவருக்கு ஐயமே எழுவதில்லை. உறக்கக் குறைவும் மன அழுத்தமும் இதனை மிகுவிக்கும். கைக்குழந்தை உள்ள இல்லத்தில் இவ்விரண்டுக்கும் குறைவேது?

இன்னொரு காரணமும் உண்டு. 1990களில் கார்களின் முன்புறம் காற்றுப்பைகள் பொருத்தப்பட்டபோது, அவை விரியும் வேகம் குழந்தைகளைக் கொல்லக் கண்டு, அவர்களைப் பின் இருக்கைக்கு மாற்றினர். அது சரியான முடிவே. ஆயினும் குழந்தை ஓட்டுநரின் கண் பார்வையிலிருந்து மறைந்தது.

காரின் கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறிய காற்றை வெளியே விடாது. பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயரும். வெளியே 22 பாகை மட்டுமே இருந்த நாளிலும் உள்ளே கடும் வெப்பம் ஏறியதையும், மொத்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்வதையும் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டறிந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பயனில்லை என்பதும் அதன் முடிவு. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும்.

இத்தாலியில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கருவி இல்லாத நாம் செய்யக்கூடியது எளியது. கைப்பையையோ கைப்பேசியையோ ஒவ்வொரு பயணத்திலும் பின் இருக்கையில் வைத்தல் வேண்டும். குழந்தை இல்லாத நாளிலும் வைத்தால்தான் அது பழக்கமாகும். குழந்தை உரிய நேரத்தில் வராவிடில் உடனே தொலைபேசியில் அழைக்குமாறு காப்பகத்தாரிடம் சொல்லி வைப்பது அதனினும் நன்று. நம் மறதியை இன்னொருவர் நினைவு திருத்தும்.

நம் நாட்டில், விளையாட்டாகக் காருக்குள் ஏறிக் கதவைத் திறக்க இயலாமல் சிறுவர் இறந்த நிகழ்ச்சிகள் பல உள. வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டிச் சாவியைக் குழந்தைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். திருமண வீட்டிலோ கோயில் விழாவிலோ குழந்தையைக் காணவில்லையெனில், கிணற்றையும் குளத்தையும் பார்ப்பதோடு, அங்கு நிற்கும் கார்களையும் டிக்கி உட்பட உடனே பார்த்தல் வேண்டும்.

பூட்டிய காருக்குள் தனித்த குழந்தையைக் காண்போர் உரியவரைத் தேடி நேரம் கடத்தலாகாது. இந்தியாவில் 112 அல்லது 108, அமெரிக்காவில் 911 எண்ணை அழைக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தால், அதற்கு எட்டாத பக்கத்துக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்து, நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரால் உடலை நனைத்து விசிற வேண்டும். நினைவிழந்த குழந்தைக்கு வாயில் நீர் புகட்டலாகாது.