ஆய்வேட்டுத் திருத்தம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முனைவர் பட்ட ஆய்வேடு திருத்தங்களோடு திரும்பி வருவது வழக்கமான நடைமுறை. ஆனாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களையும், திருவள்ளூர் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களையும் சில தவறான நம்பிக்கைகள் அலைக்கழிக்கின்றன.

நம்பிக்கை: பெரிய திருத்தம் சொன்னால் ஆய்வேடு தோற்றுவிட்டது.

உண்மை: திருத்தம் வேறு, நிராகரிப்பு வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்ட திருத்தங்களைச் சேர்த்து, ஏற்கலாம் என்ற பரிந்துரையும் வந்த பிறகே வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும். அவரும் ஏற்காவிட்டால்தான் ஆய்வேடு நிராகரிக்கப்படும். பிரிட்டனில் மூடிய அறையில் வைவா முடிந்தபின் திருத்தம் சொல்வது வழக்கம். இங்கே எழுத்து அறிக்கை முன்னால் வருகிறது. கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது முன்பே தெரிவது ஆய்வாளருக்குப் பெரிய துணை.

நம்பிக்கை: தேர்வாளர் ஆளை மட்டம் தட்டத்தான் கேட்கிறார்.

உண்மை: தொனி கடுமையாக இருக்கலாம், சபை நடுவே அது வலிக்கவும் செய்யும். தொனியை ஒதுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் அதற்குள் ஒரு வேலை இருக்கும். உதாரணத்துக்கு, மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடி நீரில் கலப்பது நெடுங்காலமாக ஆராயப்படுவது. அதைப் பற்றிய ஆய்வேடு ஒன்றில், “அயனிச் சமநிலைப் பிழை எவ்வளவு?” என்று கேள்வி வருவதாகக் கொள்வோம். நீர் மாதிரி ஒன்றில் நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும், சமான அளவில், ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிழை 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்புவது கடினம். 40 மாதிரிகளில் 7 தாண்டினால், அந்த ஏழின் ஆய்வகத் தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பைகார்பனேட் எண் கணினியில் தவறாக ஏறியிருக்கலாம். பிழை பிடிபடாவிட்டால் அவற்றை நீக்கி, ஆய்வேட்டின் வரைபடங்களை மறுபடி வரையலாம். நாள்கணக்கில் முடிகிற வேலைதான்.

அதே ஆய்வேட்டில் கோடைக்கால மாதிரிகள் மட்டுமே இருந்தால், “மழைக்கால மாதிரி எங்கே?” என்பதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். தேர்வாளர் ஒப்புக்கொண்டால், முடிவுகள் கோடைக்கால நீருக்கு மட்டுமே பொருந்தும் என்று எல்லையைச் சுருக்கி எழுதலாம். அகலமாகச் சொல்லிவிட்டுத் தடுமாறுவதைவிட அது நேர்மையான ஆய்வேடு.

நம்பிக்கை: சொன்னதையெல்லாம் அப்படியே மாற்ற வேண்டும்.

உண்மை: வேண்டியதில்லை. தேர்வாளர் கருத்து, ஆய்வாளர் பதில், திருத்திய பக்க எண் என்று மூன்று கட்டங்களில் அட்டவணை போட்டால் போதும். உடன்பாடில்லாத இடத்தில், நெறியாளரோடு பேசியபின், தரவோடு காரணம் எழுதலாம்.

நம்பிக்கை: வேலையை விட்டால்தான் திருத்தி முடிக்க முடியும்.

உண்மை: பகுதிநேர ஆய்வை விதிமுறை அனுமதிக்கிறது. ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்று நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றும் சேர்க்கையின்போதே கேட்கப்படுகிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் மேற்கோள் பட்டியல், படத் தலைப்பு போன்ற சில்லறைத் திருத்தங்கள், விடுப்பு நாளில் அத்தியாயத்தை மாற்றி எழுதுவது என்று பிரித்துக்கொள்ளலாம். அறிக்கை வந்த அன்றே பேனாவை எடுக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் படித்தால் பல கருத்துகள் எழுத்துப் பிழை அளவிலேயே இருப்பது தெரியலாம். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் போனால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.