பிள்ளை வளர்ப்புப் பாடங்களை உரைத்துப் பார்ப்போம்

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அடிக்காமல், திட்டாமல் அவர்களை நல்வழிப்படுத்தக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் பாடங்கள் இன்று கைபேசி வழியே வீட்டுக்குள் வருகின்றன. இவற்றை நம்பலாமா? "பார்த்தேன், பலன் கண்டேன்" என்று ஒருவர் சொல்வது போதாது. வயது ஏறியதால்கூடப் பிள்ளை அடங்கியிருக்கலாம் அல்லவா?

தென்னேரி ஏரிப் பாசனத்தில் புது விதை நெல்லைச் சோதிக்க விரும்பும் விவசாயி என்ன செய்வார்? ஒரே மண், ஒரே மடைத் தண்ணீர். ஒரு வயலில் புது விதை, அடுத்ததில் பழைய விதை. பிறகு கண்டுமுதலை ஒப்பிடுவார். பெற்றோருக்கான பாடத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய 'டிரிபிள் பி' பாடத்தின் இணைய வடிவம் இப்படிச் சோதிக்கப்பட்டு, முடிவு 2012-ல் வெளியாயிற்று. 2 முதல் 9 வயது வரையுள்ள, முரண்டு மிகுந்த பிள்ளைகளின் பெற்றோர் 116 பேர் சேர்ந்தனர். குலுக்கல் முறையில் 60 பேருக்கு எட்டுப் பாடங்கள் தரப்பட்டன; 56 பேர் அவையின்றி ஒப்பீட்டுக்காக இருந்தனர்.

குலுக்கல் எதற்கு? ஆர்வமுள்ளவர்களை மட்டும் பொறுக்கிப் பாடம் தந்தால், பலன் பாடத்தாலா ஆர்வத்தாலா என்று தெரியாது. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் பயணம் புறப்படுகையில், தம் துணைவியரில் எவரை அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள். யார் மனமும் நோகாத நேர்மை அதில் இருந்தது.

பாடம் கற்ற வீடுகளில் பிள்ளைகளின் முரண்டும் பெற்றோரின் சினமும் குறைந்தன. ஆறு மாதம் கழித்தும் பலன் நிலைத்தது. ஆயினும் பிள்ளையின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் முக்கியமாகப் பெற்றோரே. மேலும், பாட்டனார் பாட்டியாரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைத் தனியே சோதித்தே அறிய முடியும்.

பாடத்தின் சாரம் நமக்குப் புதிதன்று: நல்லது செய்த உடனே இன்னதென்று சொல்லிப் பாராட்டுங்கள், ஏவுவதை அமைதியாக, தெளிவாகச் சொல்லுங்கள், வீட்டு ஒழுங்குகளை முன்கூட்டியே வகுத்து விடுங்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்ற அக்ரஉ (ரலி) அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று உணர்த்தினார்கள்.

ஆகவே, பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: சோதித்தவர் யார்? யாரோடு ஒப்பிட்டார்? பலன் எத்தனை மாதம் நின்றது? பதில் வரும்வரை காத்திராமல், இன்று மஃரிபுக்குள் உங்கள் பிள்ளையின் ஒரு நற்செயலையாவது கண்டு, வாயாரப் பாராட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.